பிய்த்துப் பார்க்கிற டாக்டரம்மா

டாக்டரம்மா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உள்ளே நுழைவதற்கு முன்பே வாசலில் குனிந்து என் புதுச் செருப்பை எடுத்து அதன் அடித்தோலைப் பிய்த்துப் பார்த்தார். விளையாட்டுக்கு இல்லை. கட்டைவிரல் நகத்தை இடுக்கில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நிஜமாகவே பிய்த்தார். பாதி கையோடு வந்துவிட்டது. "இந்தப் பசை மழைக்குத் தாங்காது ஜோசப்பு. கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர்ச் சொம்போடு நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல? "மேடம் பெரிய படிப்பு படிச்சவங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். ஒரகடத்தில் கார் கம்பெனிகளின் நீளமான மதில்கள் முடிகிற இடத்தில் ஒரு வாடகை ஷெட்டை எடுத்துப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் அங்கே விற்பனைக்கு ஆள். பசையே இன்னும் உருப்படியாக வராத காலத்தில் எதை விற்க? ஆனாலும் மாதாமாதம் சம்பளம் கொடுத்தார். ஷெட் வாசலில் டாக்டர் என்று பெயர்ப்பலகை இருந்ததால், பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்துவிடுவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். பிள்ளையின் முழங்காலில் பிளாஸ்திரி இருந்துவிட்டால் மட்டும் அதன் ஓரத்தை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டாமல் விடமாட்டார். பிள்ளை வீறிடும்.

அவர் கைக்கு எதுவும் தப்பியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒட்டியிருக்கும் தங்கக் காகிதம், டீக்கடை மேஜையின் மேல்தகடு, என் பர்ஸின் மடிப்பு, எல்லாவற்றையும் பிய்ப்பார். ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முன்சீட்டின் முதுகில் கையை வைத்தார். நான் மனதுக்குள் ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். அதற்குள் ரெக்சின் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்துவிட்டது. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"இன்னாமா நீ? படிச்ச பொம்பள மாதிரி கீற. கவர்மெண்டு சீட்டைப் போய் பிய்ச்சிக்கினு கீறியே!"

"நான் எங்கே பிய்ச்சேன்? தானா வருது. நீங்களே பாருங்க" என்றார் டாக்டரம்மா.

கண்டக்டர் குனிந்து விரலால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் வந்தது. "அட, ஆமா" என்று அவரும் இழுத்தார். தண்டலம் போகும்வரை இரண்டு பேரும் அந்தப் பசையைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு டிக்கெட் கொடுக்கவே அந்த ஆள் மறந்துபோனார்.

"ஒட்டும்போது எல்லாப் பசையும் நல்ல பசைதான்" என்பார் டாக்டரம்மா. "எதுக்கு விடுதுன்னு பார்க்கணும்ப்பா. வெயிலுக்கு விடுதா, மழைக்கு விடுதா, இழுத்தா விடுதா. அது தெரியாம ஒரு பசையை நான் நல்லதுன்னு சொல்லமாட்டேன்." இதை அவர் வாடிக்கையாளர்களிடமும் சொல்வார். விற்பனைக்காரனான நான் அவசரமாகப் பேச்சை மாற்றுவேன்.

நாங்கள் எதற்காகப் பசை காய்ச்சினோம் என்று சொல்ல வேண்டும். காரின் கதவுக்கு உள்பக்கத்தில், முழங்கை படுகிற இடத்தில் மெத்தென்று துணி இருக்கிறதல்லவா? அதைப் பலகையில் ஒட்டுகிற கம்பெனி ஒன்று ஒரகடத்தில் இருந்தது. அங்கே வரிசையாகப் பெண்கள் நின்று, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் பலகை மேல் பசையைத் தெளிப்பார்கள். நாங்கள் முதல் தடவை போனபோது டாக்டரம்மா ஒரு பலகையை எடுத்துப் பிய்க்கப் பார்த்தார். நகம் மடங்கியதுதான் மிச்சம். "அபாரம்" என்றார். அவர் ஒரு பசையைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது பசை தெளித்துக்கொண்டிருந்த பெண் இருமினாள். சாதாரண இருமல் இல்லை. கருவியை ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பெயர் கஸ்தூரி. பக்கத்துக் கிராமம். காண்டிராக்ட் ஆள். முகத்தில் வெறும் துணி மாஸ்க்.

"எவ்வளவு நாளா இது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அது கீதுமா ரொம்ப நாளா. லீவு போட்டா நின்னுடுது. ஷிப்டுக்கு வந்தா திரும்பப் புடிச்சிக்குது. பேஜாரு."

"வேற லைனுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாமே?"

"கேட்டேம்மா. அங்க ஓவர்டைம் காசு கிடையாதுன்னுட்டாங்கோ. வூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன். பொண்ணு காலேஜ்ல கீது. இத வுட்டுட்டு இன்னா பண்ணச் சொல்ற?"

வெளியே வந்ததும் டாக்டரம்மா மடங்கிய நகத்தைத் தேய்த்துக்கொண்டே நடந்தார். பிறகு சொன்னார். அந்த அபாரமான பசையில் ஒரு ரசாயன மருந்து இருக்கிறது. இறுகிப்போன பிறகு அது ஒன்றும் செய்யாது. இறுகுவதற்கு முன்னால், தெளிக்கும்போது மூச்சோடு உள்ளே போனால் சில பேருடைய நெஞ்சு அதைப் பகையாளியாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் துளி பட்டாலும் இழுப்புதான். "அந்த மருந்து இல்லாம இந்த மாதிரி ஒட்ட வைக்க முடியாதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். "முடியுமா மேடம்?" என்றேன். "முடியணும்ப்பா. அந்தப் பொண்ணு மூச்சு விடணும்ல?" என்றார். அன்றிலிருந்து ஷெட்டில் வேறு எந்தப் பசைக்கும் இடமில்லை. அந்த லைனில் அந்த மருந்தை எடுத்துவிட்டு எங்கள் பசையை வைக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை.

அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சாமான்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்று, பண்ருட்டிப் பக்கமிருந்து வரும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய். கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். இரண்டாவது, கரியமில வாயு. சாராய ஆலையில் நொதிக்கும்போது கிளம்புகிற வாயுவைப் பிடித்து சிலிண்டரில் அடைத்துத் தருவார்கள்.

"இது சோடாவுல இருக்கிற காத்துதானே மேடம்?"

"அதேதான். ரோட்ல லாரி விடுற புகையிலயும் இருக்கு. நீ இப்போ விட்ட மூச்சுலயும் இருக்கு."

"அதுல போய் பசையா?"

"ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?" என்றார், யாரோ அவர் வீட்டுப் பிள்ளையைக் குறை சொன்னதுபோல.

எண்ணெயை முதலில் ஒருமுறை பக்குவப்படுத்தி, கனமான இரும்புக் கலத்தில் ஊற்றி, மூடியைத் திருகி, சூடாக்கி, வாயுவை அழுத்தத்தோடு உள்ளே விட்டார். அழுத்தம் காட்டுகிற முள் ஏறி நின்றது. வாயுக் குழாயை மூடினார். சற்று நேரத்தில் முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "லீக்! லீக்!" என்று கத்திக்கொண்டே சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். எங்கேயும் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா இப்படிக் குதிக்கிற? லீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. எண்ணெய் குடிக்குது" என்றார்.

நான் நம்பவில்லை. மறுநாள் கலத்தைத் திறந்து எண்ணெயை வெளியே எடுத்துத் தராசில் வைத்தார். ஊற்றியதைவிடக் கூடுதலாக நின்றது. நாங்கள் வேறு எதையும் உள்ளே போடவில்லை. வாயு மட்டும்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊரே வேண்டாம் என்று விடுகிற ஒன்று, கண்ணுக்கும் தெரியாமல் கைக்கும் அகப்படாமல் திரிகிற ஒன்று, தராசுத் தட்டில் எடையாக வந்து உட்கார்ந்திருந்தது. கோயிலில் பூசை பார்க்கும்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை என்று வீட்டில் போய்ச் சொல்லி, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மாவோ தராசை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாயைப் பொளக்காதே. இது இன்னும் எதையும் ஒட்டவே இல்ல" என்றார்.

ஷெட்டில் ஒரு இட்லிப் பானை இருந்தது. ஒருநாளும் அதில் இட்லி வெந்ததில்லை. துணியைப் பலகைத் துண்டில் ஒட்டி, காயவைத்து, அந்தப் பானையில் அவித்துவிடுவார். கார் மழையில் நிற்கும், பிறகு கண்ணாடியை ஏற்றியபடி வெயிலில் கிடக்கும். உள்ளே புழுங்குகிற புழுக்கத்துக்குப் பசை தாங்க வேண்டும் என்பார். அதற்குப் பெரிய கம்பெனிகளில் மெஷின் இருக்கிறது, வாரக்கணக்கில் வைப்பார்கள். இவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆவியில் வெந்த துண்டை எடுத்து, ஊதி ஊதிப் பிய்த்துப் பார்ப்பார். முதலில் எல்லாம் விட்டது. கிளிசரினிலிருந்து எடுத்த ஒரு சரக்கை இதோடு சேர்த்த பிறகு, அவிக்காத துண்டில் பிடிப்பு நன்றாக வந்தது.

இதற்குள் ஷெட்டுக்குப் பணம் போட்டவர்களுக்கு அலுத்துவிட்டது. அந்தக் கதவுக் கம்பெனியின் ஆர்டர் வந்தால் ஷெட் ஓடும், இல்லாவிட்டால் பூட்டு என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். நானும் நாயாய்ப் பேயாய் அலைந்து ஒரு சோதனைக்குச் சம்மதம் வாங்கினேன். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. அதனால் அவர்களே தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். அப்போதுதான் காய்ச்சி இறக்கிய அந்தக் கிளிசரின் பசையை, பானையில் வைத்துப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. டாக்டரம்மா வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

சோதனை அமர்க்களமாகப் போனது. அங்கே தரம் பார்க்கிற அதிகாரி ராஜசேகர் சார். கறார் பேர்வழி. மெஷினில் இழுத்தார்கள், பலகை விடவில்லை. அவரே கையால் இழுத்தார், விடவில்லை. "பிரமாதம் மேடம். திங்கட்கிழமையே ஆர்டர் போட்டுடலாம்" என்று கையை நீட்டினார். நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "சார், உங்க கேண்டீன்ல இட்லிப் பானை இருக்குமா?" என்று கேட்டார்.

"லஞ்ச்சுக்கே சொல்லியிருக்கு மேடம். சாதம், சாம்பார், எல்லாம் இருக்கு."

"சாப்பிட இல்ல சார். இதை அவிக்கணும்."

நான் பின்னாலிருந்து அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காததுதான் பாக்கி. கேட்கவா போகிறார்? நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பலகைத் துண்டுகள் ஆவியில் வெந்தன. கஸ்தூரியின் ஷிப்டும் சாப்பிட வந்திருந்தது. விஷயம் பரவி, பெண்கள் தட்டோடு சுற்றி நின்றார்கள். மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து, டாக்டரம்மா நகத்தைக் கொடுத்தார். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

அவர் உரிந்த துணியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, "பார்த்துக்கங்க சார். இதை வாங்காதீங்க" என்றார்.

கஸ்தூரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ பழைய பசைதானாம்மா?"

"இப்போதைக்கு அதுதான். மாஸ்க்கைக் கழட்டாதே" என்றார் டாக்டரம்மா. பிறகு பழைய பசையால் ஒட்டிய துண்டையும் அதே பானையில் வைக்கச் சொல்லி, காத்திருந்து, பிய்த்துப் பார்த்தார். அது அசையவில்லை. "இதைச் செஞ்சவன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வாடகைக் காரில் ஏறினதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "கேட்டாங்களா மேடம்? யாராவது அவிச்சுக் காட்டுன்னு கேட்டாங்களா? கைக்கு வந்ததைத் தட்டி வுட்டுட்டீங்களே! நாளைக்கு ஷெட்டைப் பூட்டினா நாம எல்லாரும் எங்க போறது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். "அவங்க கேக்கல. கார் கேக்கும்ப்பா. அடுத்த மழைக்கே கதவுல துணி தொங்கும். உடனே இதைத் தூக்கிப் போட்டுட்டு பழசுக்கே போயிடுவாங்க. அதுக்கப்புறம் எவன் புதுப் பசைன்னு வந்தாலும் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. கஸ்தூரி ஆயுசுக்கும் அங்கயே நின்னு இருமிக்கிட்டு இருப்பா." மடியில் கிடந்த உரிந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பணம் போட்டவர்கள் சொன்னபடியே விலகிக்கொண்டார்கள். சாமான்களை மூட்டை கட்டுகிற நேரத்தில் ராஜசேகர் சாரிடமிருந்து எனக்கு போன். "சார், இத்தனை வருஷ சர்வீஸ்ல எங்கிட்ட வர்ற சப்ளையர் எல்லாம் எது பெயிலாகும்னு மறைக்கத்தான் பாடுபடுவாங்க. உங்க மேடம் தேடிப் புடிச்சு, எங்க கேண்டீன்லயே அவிச்சுக் காட்டிட்டுப் போறாங்க. எனக்குத் தூக்கம் வரல சார்" என்றார். அவர் மேலே பேசி, அடுத்த சோதனைவரை ஷெட் வாடகையையும் சாமான் செலவையும் கம்பெனியே கொடுக்க ஏற்பாடு செய்தார். கறார் பேர்வழி என்று சொன்னேனே, அந்த மனிதர்.

தப்பு எங்கே என்று டாக்டரம்மா சீக்கிரமே கண்டுகொண்டார். பிடிப்புக்காகச் சேர்த்த கிளிசரின் சரக்குதான் வில்லன். தண்ணீர் எங்கே இருந்தாலும் அது வா வா என்று கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். முந்திரிக்கொட்டை எண்ணெய்க்கோ தண்ணீரைக் கண்டாலே ஆகாது. கிளிசரின் சரக்கை எடுத்துவிட்டு எண்ணெயைக் கூட்டினார். கூட்டினால் பிடிப்பு போயிற்று. பிடிப்பைக் கொண்டுவந்தால் இறுக நேரமாயிற்று. எத்தனை தடவை தோற்றோம் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு முறை பிய்ந்து வரும்போதும், "ஓஹோ, இதுக்கு விடுறியா நீ" என்று அந்தத் துண்டிடம் பேசுவார். திட்டுகிற தொனி அதில் துளியும் இருக்காது. உலகத்தில் எத்தனையோ பேர் தங்கள் சரக்கைக் காப்பாற்ற உயிரை விடுகிறார்கள். தன் சரக்கைத் தானே விரட்டி விரட்டி அடிக்க ஒரு மனுஷிக்கு எங்கிருந்து இவ்வளவு தெம்பு வருகிறது என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சோதனை நல்ல மழைக்காலத்தில் வந்தது. செம்பரம்பாக்கம் நிரம்புகிறதாம், திறப்பார்களாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். இந்த முறை கேண்டீன் பெண்களே பானையை ஏற்றி வைத்திருந்தார்கள். வெந்து வந்த துண்டுகளுக்குப் போட்டா போட்டி. ஒருத்தி பல்லால்கூடக் கடித்து இழுத்தாள். துணி கிழிந்ததே தவிர, பசை விடவில்லை. ராஜசேகர் சாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "லைன்ல ஏத்துங்க" என்றார்.

பழைய பசையின் வாடைகூட இல்லாமல் தெளிக்கிற அறையைக் கழுவி வைத்திருந்தார்கள். கஸ்தூரி கருவியை எடுத்து முதல் பலகைக்கு எங்கள் பசையைத் தெளித்தாள். இரண்டாவதற்கும் தெளித்தாள். மூன்றாவது பலகை வந்தபோது, யாரையும் கேட்காமல் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஏய்! போடுடி மாஸ்க்கை!" டாக்டரம்மா போட்ட சத்தத்தில் லைனே நின்றுவிட்டது. "ஒரு நாள் இழுத்துப் பார்த்தா ஆச்சா? வருஷக் கணக்குல பார்க்கணும். இந்தப் பசையை நானே இன்னும் நம்பல, தெரியுமா?"

கஸ்தூரி பயப்படவில்லை. சிரித்தாள். "நீ நம்பாதம்மா. நீ நம்பாம கீறதாலதான் நாங்க நம்பறோம்" என்றாள்.

கஸ்தூரி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு அடுத்த பலகையை இழுத்தாள். இப்போது இருமுவாள், இதோ இருமுவாள் என்று நான், ராஜசேகர் சார், லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கருவியின் சத்தம் மட்டும் கேட்டது. பலகைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கஸ்தூரி பேசிக்கொண்டே வேலை செய்தாள், பக்கத்தில் இருந்தவளைக் கேலி செய்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஷிப்டு முடிகிற சங்கு ஊதும்வரை டாக்டரம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.